வண்டி போனது, பெயர் போனதா?

கார் நிக்கோபார் ஒரு சிறிய தீவு. அதன் பரப்பு சுமார் 127 சதுர கிலோமீட்டர். நிக்கோபார் மாவட்டத்தின் தலைமையிடம் இங்கேதான் இருக்கிறது. தீவில் பெரும்பாலோர் நிக்கோபாரிப் பழங்குடி மக்கள். வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் வந்த தமிழர்களும் இங்கே வாழ்கிறார்கள்.

தீவின் பெயரில் உள்ள ‘கார்’ வேறு. நாம் பேசப்போகும் கார் வேறு. ஓட்டுகிற கார். அதிலும் பழைய கார்.

பழைய காரை விற்பது எளிதா? ஓட்டிப் பார்த்து விலை பேசி, பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியா? ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். கதை கற்பனை. ஆனால் அதில் வரும் சட்டமும் ஆபத்தும் உண்மை.

அம்மா கேட்ட கேள்வி

கார் நிக்கோபாரில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். கணவன், மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். மனைவி மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவர். அவர்களிடம் 2012-ஆம் ஆண்டில் பதிவான கார் ஒன்று இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு ஊழியரிடம் வாங்கியது. அவர் மாற்றலாகித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது இந்தக் குடும்பமும் சொந்த ஊர் திரும்ப முடிவு செய்தது. காரை விற்க வேண்டும்.

“செல்போன்லயே வித்துடலாமாம். வண்டி நம்பரைப் போட்டா விலை வருது” என்றார் கணவர்.

கார் நிக்கோபாரில் முன்பு இணைய வசதி மிகவும் குறைவு. சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கேபிள் போடப்பட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அது செயல்பாட்டுக்கு வந்தது. கார் நிக்கோபாரும் அதில் இணைந்தது. அதன் பிறகு செல்போனில் படம் பார்ப்பதும் பணம் அனுப்புவதும் எளிதாயிற்று.

மகள் செல்போனில் வண்டி எண், ஆண்டு, ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் பதிந்தாள். ஒரு விலை வந்தது. கணவருக்கு மகிழ்ச்சி.

மனைவி பெட்டியைத் திறந்தார். பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருந்த ஆர்.சி.யை எடுத்தார். ஆர்.சி. என்றால் வண்டியின் பதிவுச் சான்று. எண்களை அவரால் வாசிக்க முடிந்தது. பெயர் ஆங்கிலத்தில் இருந்தது.

“ஏம்மா, இதுல யார் பேரு போட்டிருக்கு? வாசி பார்ப்போம்.”

மகள் வாசித்தாள். அது அப்பாவின் பெயர் இல்லை. காரை விற்ற அரசு ஊழியரின் பெயர்.

“ஏங்க, நாலு வருஷமா நாம ஓட்டுறது நம்ம வண்டி இல்லையா?”

கணவரால் பதில் சொல்ல முடியவில்லை. பணம் கொடுத்தார். சாவி வாங்கினார். பெயரை மாற்றவில்லை. வேண்டியவர்தானே என்று விட்டுவிட்டார்.

பெயர் மாறாவிட்டால் என்ன ஆகும்?

இது உண்மையில் நடந்த வழக்கு. ஒருவர் 2007-ஆம் ஆண்டில் தன் காரை விற்றார். வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்றார். அவர் மேலும் ஒருவருக்கு விற்றார். இப்படிக் கார் கை மாறிக்கொண்டே போனது. ஆனால் பதிவுச் சான்றில் முதல் ஆளின் பெயரே இருந்தது.

2009-இல் அந்தக் கார் விபத்தில் சிக்கியது. ஒரு சிறுவன் இறந்தான். நஷ்டஈடு யார் கொடுப்பது? “நான் எப்போதோ விற்றுவிட்டேன்” என்றார் முதல் ஆள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பு வந்தது. பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பாதிக்கப்பட்ட குடும்பம் வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தேடி அலைய முடியாது. இதுதான் நீதிமன்றம் சொன்ன காரணம்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். வண்டியை விற்று இரண்டு ஆண்டு ஆயிற்று. விபத்து நடந்த இடத்தில் அவர் இல்லை. ஓட்டியவரும் அவர் இல்லை. ஆனாலும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

விபத்து மட்டும் அல்ல. அபராதச் சீட்டு வந்தாலும் அந்தப் பெயருக்குத்தான் வரும். வண்டியில் திருட்டுப் பொருள் கடத்தினாலும் போலீஸ் முதலில் அந்தப் பெயரைத்தான் தேடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 50-ஆம் பிரிவு இதைப் பற்றிச் சொல்கிறது.

வண்டியை அதே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றால் அவருக்கு 45 நாட்கள் உண்டு. வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தமான் நிக்கோபார் ஒரு யூனியன் பிரதேசம். அங்கே பதிவான வண்டியைத் தமிழ்நாட்டில் விற்றால் அது வேறு மாநில விற்பனைதான்.

இதற்கென்று படிவங்கள் உள்ளன. அவற்றின் எண்களை நினைவில் வைப்பது நல்லது.

படிவம் 29: “வண்டியை விற்றுவிட்டேன்” என்று தெரிவிப்பது.

படிவம் 30: “பெயரை மாற்றித் தாருங்கள்” என்று கேட்பது.

படிவம் 28: வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபனை இல்லை என்ற சான்று பெறுவது.

படிவம் 35: வண்டி மேல் இருந்த கடன் தீர்ந்தது என்று காட்டுவது. கடன் வாங்கி வாங்கிய வண்டிக்கு மட்டும் இது தேவை.

பழைய உரிமையாளருக்கு ஒரு போன்

டீக்கடைக்காரரின் மனைவி தேடிப் பிடித்து அந்த அரசு ஊழியருக்குப் போன் செய்தார்.

“அண்ணே, கார் இன்னும் உங்க பேர்லதான் இருக்கு. 29, 30 ரெண்டு படிவத்துலயும் கையெழுத்து போட்டு அனுப்புங்கண்ணே.”

“எனக்கு எதுக்கும்மா இப்ப இந்த வேலை? வண்டியத்தான் எப்பவோ கொடுத்துட்டேனே.”

“வண்டியக் கொடுத்துட்டீங்க. பேரைக் கொடுக்கலையே அண்ணே. நாளைக்கு இந்த வண்டி யார் மேலயாவது மோதினா, கோர்ட்டு நோட்டீசு உங்க வீட்டுக்குத்தான் வரும்.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு அவர் சொன்னார்: “என்னென்ன வேணும்னு சொல்லும்மா. எழுதிக்கிறேன்.”

பெயர், வண்டி எண், தேதி எல்லாவற்றையும் நிரப்பிய பிறகே படிவங்களை அனுப்பினார்கள். அவர் கையெழுத்துப் போட்டு, தன் அடையாள அட்டையின் நகலுடன் ஸ்பீட் போஸ்டில் திருப்பி அனுப்பினார். காலம் கடந்ததற்குத் தண்டக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் கார் டீக்கடைக்காரரின் பெயருக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் அதை விற்கும் உரிமையும் வந்தது.

செல்போன் காட்டும் விலை

இணையத்தில் பழைய கார் விற்க இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்று அல்ல.

முதல் வழி, கார் வாங்கும் நிறுவனங்கள். கார்ஸ்24, ஸ்பின்னி ஆகியவை இப்படிப்பட்டவை. இரண்டும் 2015-இல் தொடங்கின. முதலில் செல்போனில் ஓர் உத்தேச விலை காட்டுவார்கள். பிறகு அவர்களின் ஆள் வந்து வண்டியைப் பார்ப்பார். எஞ்சின், டயர், அடிப்பாகம், பழைய அடி, துரு எல்லாவற்றையும் சோதிப்பார். அதன் பிறகுதான் உண்மையான விலை சொல்வார்கள். அது முதலில் காட்டியதைவிடக் குறையலாம். ஆகவே முதலில் தெரியும் விலையை நம்பிக் கடன் வாங்காதீர்கள். செலவும் செய்யாதீர்கள்.

கடலோர வண்டிக்கு இன்னொரு சங்கடம் உண்டு. உப்புக் காற்று இரும்பை அரிக்கும். மேலே பளபளப்பாக இருக்கும் கார் அடியில் துருப்பிடித்திருக்கும். சோதிக்க வருபவர் முதலில் குனிந்து பார்ப்பது அந்த அடிப்பாகத்தைத்தான்.

இந்த நிறுவனங்களின் ஆட்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் வந்து பார்ப்பார்கள். “உங்கள் ஊர் எது?” என்று செல்போன் கேட்கும். அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டீக்கடைக்காரரின் மகள் பார்த்தாள். பட்டியலில் சென்னை இருந்தது. கார் நிக்கோபார் இல்லை.

சென்னைக்குக் காரைக் கொண்டுபோக முடியாதா? முடியும். ஆனால் முதலில் கப்பலில் ஸ்ரீ விஜய புரம் போக வேண்டும். போர்ட் பிளேர் நகரத்துக்கு 2024-இல் வந்த புதுப்பெயர் அது. கார் நிக்கோபாரிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்கு மீண்டும் கப்பல். சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் வழி.

மனைவி நோட்டில் கணக்குப் போட்டார்.

சென்னையில் கிடைக்கும் விலை. அதில் கழிக்க வேண்டியவை: இரண்டு கப்பல் கூலி, ஏற்றி இறக்கும் கூலி, சாப்பாடு, தங்கும் செலவு, படிவக் கட்டணம். மீதி எவ்வளவு?

மீதியாக நின்ற தொகையைப் பார்த்துக் கணவர் பெருமூச்சு விட்டார். “இதுக்கு இங்கயே யாருக்காவது கொறைச்ச விலைக்குக் கொடுக்கலாம்” என்றார்.

விலை எவ்வளவு என்பது மட்டும் கணக்கு இல்லை. செலவு போகக் கையில் நிற்பது எவ்வளவு என்பதே கணக்கு.

விளம்பரமும் ஏமாற்றும்

இரண்டாவது வழி, இணையத்தில் விளம்பரம் கொடுப்பது. காரின் படமும் உங்கள் போன் எண்ணும் அதில் வரும். யார் வேண்டுமானாலும் பேசலாம். நல்லவர்களும் பேசுவார்கள். ஏமாற்றுக்காரர்களும் பேசுவார்கள்.

டீக்கடைக்காரரும் விளம்பரம் கொடுத்தார். அன்றே ஒரு போன் வந்தது. தான் ராணுவத்தில் இருப்பதாக ஒருவர் சொன்னார். விலை பேசவே இல்லை. காரைப் பார்க்கவும் கேட்கவில்லை.

“முன்பணம் அனுப்புறேன். ஒரு கட்டம் போட்ட படம் வரும். அதை ஸ்கேன் பண்ணி உங்க ரகசிய எண்ணைப் போடுங்க. பணம் ஏறிடும்” என்றார்.

கணவர் செல்போனை எடுத்தார். மனைவி கையைப் பிடித்தார்.

“ஏங்க, நம்ம கடையில டீ குடிக்கிறவங்க என்ன செய்யறாங்க? அவங்கதானே நம்பர் போடுறாங்க? நாம போடுறோமா?”

அவர் சொன்னது சரி. செல்போனில் யு.பி.ஐ. வழியாகப் பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம். “பணம் தருகிறேன், ரகசிய எண்ணைப் போடு” என்று யார் சொன்னாலும் அவர் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். போனை வைத்துவிடுங்கள்.

ராணுவம், விமானப்படை, போலீஸ் என்று சொல்லிப் பேசுவது பழைய தந்திரம். ஒரு சீருடைப் படம் அனுப்பினால் மக்கள் நம்பிவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு.

தவறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இணையக் குற்றங்களுக்கான அரசு உதவி எண் இது. வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம்

பழைய கார் வியாபாரத்தில் ஒரு கெட்ட வழக்கம் இருக்கிறது. எதுவும் எழுதாத படிவத்தில் விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். “மீதியை நாங்கள் எழுதிக்கொள்கிறோம்” என்பார்கள். பிறகு அந்தத் தாள் காரோடு சேர்ந்து கை மாறிக்கொண்டே போகும். பெயர் மட்டும் மாறாது. நாம் முதலில் படித்த வழக்கை நினைத்துப் பாருங்கள்.

வாங்குபவரின் பெயரும் முகவரியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். தேதி இருக்க வேண்டும். விலை இருக்க வேண்டும். அதன் பிறகே உங்கள் கையெழுத்து.

பழைய கார் வியாபாரிகளுக்கு அரசு ஒரு புதிய விதி கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பதிவு அலுவலகத்திடம் அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைத்தால், அதை இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29-சி இதற்கானது. அப்படித் தெரிவித்த பின் அந்தக் காருக்கு வியாபாரியே பொறுப்பு. ஆகவே காரை வாங்கும் நிறுவனத்திடமும் வியாபாரியிடமும் கேளுங்கள்: “உங்களிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா? படிவம் 29-சி பதிந்தாயிற்றா?” இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உங்கள் உரிமை.

கடைசியில் என்ன நடந்தது?

தீவிலேயே ஓர் ஆசிரியர் காரை வாங்க வந்தார். செல்போன் காட்டிய விலையைவிடக் குறைவாகத்தான் கேட்டார். ஆனால் கப்பல் செலவு இல்லை. அலைச்சலும் இல்லை.

ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். “இது 2012 வண்டி. 15 வருசம் எப்ப முடியுது?”

நல்ல கேள்வி. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியைச் சோதித்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு முடிந்த காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆயிற்று. இதை மறைக்காமல் சொல்லிவிட்டு விலை பேசினார்கள்.

பணம் வங்கிக் கணக்கில் ஏறியது. செல்போனில் வந்த குறுஞ்செய்தியை மட்டும் நம்பவில்லை. கணக்கில் இருப்பு எவ்வளவு என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுத்தார்கள். ஒரு தாளில் நாள், நேரம், கிலோமீட்டர், இருவர் பெயர் எல்லாம் எழுதினார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். படிவங்களை அன்றே கொடுத்து, அலுவலக முத்திரை வைத்த நகலை வாங்கிக்கொண்டார்கள். இன்சூரன்சைத் தன் பெயருக்கு மாற்ற ஆசிரியர் 14 நாட்களுக்குள் விண்ணப்பித்தார். அதுவும் சட்டம் சொல்வதுதான்.

கணவர் கப்பல் டிக்கெட் எடுக்கக் கிளம்பினார். மனைவி தடுத்தார்.

“பேரு மாறட்டும். அப்புறம் கெளம்புவோம்.”

சில வாரங்கள் காத்திருந்தார்கள். ஒரு நாள் ஆசிரியர் புதிய ஆர்.சி.யைக் கொண்டுவந்து காட்டினார். இந்த முறை மனைவி மகளைக் கூப்பிடவில்லை. இடைப்பட்ட நாட்களில் மகளிடம் ஆங்கில எழுத்துகளைக் கற்றிருந்தார். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். அது ஆசிரியரின் பெயர்தான்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி கார் நிக்கோபாரைக் கடுமையாகத் தாக்கியது. வீடுகளோடு காகிதங்களும் கடலில் போயின. ஒரு தாளின் அருமை இந்தத் தீவு மக்களுக்கு நன்றாகத் தெரியும். தாளைப் பத்திரமாக வைப்பது நல்லது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பது அதைவிட நல்லது.

நினைவில் வையுங்கள்

1. விற்கும் முன் ஆர்.சி.யில் யார் பெயர் என்று பாருங்கள்.
2. செல்போனில் காட்டுவது உத்தேச விலைதான்.
3. பணம் வாங்க ரகசிய எண் தேவையில்லை.
4. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.
5. பணம் கணக்கில் ஏறிய பிறகே சாவியைக் கொடுங்கள்.
6. பெயர் மாறும் வரை விடாதீர்கள்.
7. ஏமாந்தால் உடனே 1930.

பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் பைக், ஸ்கூட்டர், ஆட்டோ, கார் எது இருந்தாலும் இன்று இரவு அதன் ஆர்.சி.யை எடுங்கள். யார் பெயர் இருக்கிறது? எந்தத் தேதி வரை செல்லும்? வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் எப்போதோ விற்ற வண்டி ஏதாவது இன்னும் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறதா?